நூறு கிற்றாரிலும் அதே கறுப்பு

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை அத்தியாயத்தைப் படித்துவிட்டு மருதமுனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஸைனுலாப்தீன் ஹாஜியார் மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? அந்த மனிதரிடம் ஒரு நல்ல குணம்கூடவா இல்லை?"

இருக்கிறது. கடையில் ஆணி நிறுக்கும்போது தராசில் விரல் வைக்கமாட்டார். அதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தேடி நானும் களைத்துவிட்டேன்.

சரி, கதைக்கு வருவோம். சாய்ந்தமருதில் பிறந்து கொழும்பில் பேர் எடுத்த கிற்றார் பதியுதீன் மௌத்தாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. எண்பதுகளில் மின்சாரக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தமிழில் றொக் பாடியவர். அவருடைய கசெட்டுக்காகச் சிங்களப் பெடியன்களும் கடை கடையாக அலைந்தார்கள். சொந்த ஊரில் அவருக்கு இருந்த பெயர் 'கூத்தாடி'. அந்தப் பெயரை வைத்தவரும், ஊர் அதை மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவருடைய கூடப்பிறந்த காக்கா, மூத்த அண்ணன்தான். கல்முனைப் பிரதான வீதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் நம் ஹாஜியார்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. சோதனைச் சாவடிகளைக் கழற்றிவிட்டார்கள். வீதிகளுக்குத் தார்க் காபட் போடுகிறார்கள். கிழக்கு மாகாணம் என்று ஒன்று இருப்பது கொழும்புக்குத் தெரிய வந்துவிட்டது. அதோடு சேர்த்து, பதியுதீன் ஒரு மேதை என்பது கல்முனைக்கும் தெரிய வந்துவிட்டது. மேதைகள் மௌத்தான பிறகு தெரிய வருவதில் ஒரு வசதி உண்டு. மறுத்துப் பேச அவர்கள் வரமாட்டார்கள்.

பதியுதீன் தன் கையாலேயே பெயின்ற் பூசிப் படம் வரைந்த கிற்றாரைப் பார்த்து அச்சு அசலாக நூறு கிற்றார் செய்திருக்கிறது ஒரு கொழும்புக் கம்பனி. வெளியீட்டு விழா கல்முனையில். விழாத் தலைவர் ஹாஜியார். "அந்த மண்டபத்துப் படியில என்ட கால் படாது" என்று பதியுதீனின் மனைவி ஸுலைஹா சொன்ன இடத்தில் போன கிழமை நிறுத்தியிருந்தேன்.

விழா இன்றைக்கு.

காலையில் ஸுலைஹா வீட்டு வாசலில் கம்பனி வான் வந்து நின்றது. சுனாமிக்குப் பிறகு வயலை நிரப்பிக் கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டத்தில் அவளுடைய வீடு. வானிலிருந்து முதலில் ஹாஜியார் இறங்கினார். வெள்ளை நெஷனல் உடுப்பு, கழுத்தில் அத்தர் வாசம், முகத்தில் தம்பியைப் பறிகொடுத்தவரின் சோகம். அந்தச் சோகத்தை அவர் இந்த விழாவுக்கென்று புதிதாக வாங்கியிருந்தார்.

பின்னால் சுஜிந்தன் இறங்கினான். கம்பனியின் விற்பனை முகாமையாளர். கொழும்பில் வளர்ந்தவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். எதைக் கண்டாலும் 'அருமை' என்று சொல்லிப் பழகிவிட்ட வாய், அவ்வளவுதான். அவன் கையில் நீளமான ஒரு பெட்டி.

"அன்ரி, இது உங்களுக்கு. நூறில முதலாவது. கம்பனி அன்பளிப்பு."

பெட்டியைத் திறந்து கிற்றாரை வெளியே எடுத்தான். ஓரமெல்லாம் நீலக் கடல், சிவப்புத் தோணிகள், மஞ்சள் மீன்கள். நடுவில் கறுப்பு. விரித்த ஒரு கை அகலத்தில், மேலிருந்து கீழே இழுத்துவிட்ட தடித்த கறுப்பு.

ஸுலைஹா அதைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி வழுவழுப்பு. பிளாஸ்ரிக் மாதிரி ஏதோ ஒன்றை ஊற்றி இறுக வைத்திருக்கிறார்கள். விரல் அந்தக் கறுப்பின் மேல் போய்ப் போய் வந்தது.

மகள் றினோஸா கூட வந்த புத்தகத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். பதினெட்டு வயது. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருப்பவள். "நடுவில் அமைந்த கரிய வடிவம், சுனாமியின் நினைவாகக் கலைஞர் தம் விரல்களாலேயே தீட்டிய இருண்ட கடலாகும். அன்னாரின் விரல் தடங்கள் ஒவ்வொரு பிரதியிலும் அப்படியே பேணப்பட்டுள்ளன."

"அருமை, என்ன?" என்றான் சுஜிந்தன். "அந்த விரல் தடத்துக்காகவே வெளிநாட்டில பதிஞ்சு வச்சிருக்காங்க. ஒரு ஜப்பான்காரர் நாலு கேட்டிருக்கார்."

ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டினார். ரசிக்கிறாராம்.

முன் அத்தியாயங்களைத் தவற விட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிறது.

சுனாமி வந்த அன்று பதியுதீனின் வீட்டைக் கடல் எடுத்தது. இளைய மகள் ஹப்ஸாவையும் எடுத்தது. அவளுக்கு ஐந்து வயது. ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும், அதற்கு ஒரு படம் எடுக்கவேண்டும் என்று கதைத்துக்கொண்டிருந்த நேரம். முன்னர் எடுத்த படங்கள் அல்பத்தோடு போயின. சொந்தக்காரரின் அல்பங்களும் மிஞ்சவில்லை, சொந்தக்காரர் எல்லோரும் அதே கரையில்தான் குடியிருந்தார்கள். கொழும்பில் திருத்தக் கொடுத்திருந்ததால் கிற்றார் மட்டும் தப்பியது.

தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில், நிவாரணத் தோணிகளுக்குப் பூசி மிஞ்சிய பெயின்றைக் கேட்டு வாங்கிவந்து பதியுதீன் அந்தக் கிற்றாரில் வரைந்தார். சுற்றிவரக் கடல். நடுவில் ஹப்ஸா. பெருநாளைக்குத் தைத்த பச்சைச் சட்டை, முகம், கண், நெற்றியில் விழுந்த முடி எல்லாம் இருந்தது. ஸுலைஹா அதைப் பார்த்துவிட்டு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே படம் அது.

பெயின்ற் காயவில்லையென்று கொட்டில் வாசலில் சாய்த்து வைத்திருந்தபோது ஹாஜியார் வந்தார்.

உருவம் வரையலாமா கூடாதா என்பதில் நான் வாய் வைக்கப்போவதில்லை. அதைப் படித்த உலமாக்கள் இருக்கிறார்கள். ஹாஜியார் அவர்களிடமும் போகவில்லை. பக்கத்தில் தோணி திருத்திக்கொண்டிருந்தார்கள். பொத்தல் அடைக்கிற கீல் ஒரு பேணி நிறையக் கறுப்பாக இருந்தது. வலது கையை அதில் தோய்த்துப் பிள்ளையின் தலையிலிருந்து கால் வரை இழுத்தார். "மௌத்தான புள்ளையையும் கூத்துக்குக் காட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டு, தம்பியின் துவாயிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

பதியுதீன் கீலைத் துடைக்கவில்லை. ஸுலைஹா எத்தனையோ தரம் கெஞ்சினாள். "கிடக்கட்டும். அவரு செஞ்சத அவரே ஒரு நாளைக்குப் பாக்கட்டும்" என்று விட்டார். அந்தக் கறையோடேயே கொழும்பு மேடைகளில் வாசித்தார். என்ன அது என்று கேட்டவர்களுக்குச் சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுத்தார். கேட்டவர்கள் ஆளுக்கொன்று எழுதினார்கள்.

அவர் கொழும்பில் மௌத்தானார். ஜனாஸா ஊருக்கு வந்தது, கிற்றார் வரவில்லை. ஸுலைஹா இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண்கள் முகம் பார்க்கக்கூடாத காலம். கம்பனிக்காரர் வந்தபோது திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, குடும்பத்தின் சார்பில் எல்லாவற்றுக்கும் ஒப்பம் வைத்துக் கொடுத்தவர் ஹாஜியார். ஸுலைஹா வெளியே வந்தபோது நூறு கிற்றாரில் பாதி செய்து முடிந்திருந்தது.

இனி இன்றைய காலைக்குத் திரும்புவோம்.

றினோஸா புத்தகத்தை மூடிவிட்டுத் தன் கையைக் கிற்றாரின் கறுப்பில் வைத்துப் பார்த்தாள். கீல் இழுபட்ட வரிகள் விரல் விரலாகத் தெரிந்தன. சுட்டுவிரல் சரியாக விழுந்தது. மோதிரவிரலும் விழுந்தது. நடுவில் இருந்த வரி மட்டும் அரைவாசியில் நின்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருந்த பெரியவாப்பாவின் வலது கையில் நடுவிரல் அரைவாசிதான். கடையில் தகரம் வெட்டும்போது போன விரல். வெளியூர்க்காரர் கேட்டால் யுத்தத்தில் போனது என்பார்.

"உண்மையான கிற்றார் எங்க?" என்று கேட்டாள் றினோஸா.

"மண்டபத்தில இருக்கு தங்கச்சி. விழா முடிஞ்ச கையோட கொழும்புக்குப் போகுது. அங்க கண்ணாடிப் பெட்டி ரெடி. பிறகு லண்டன், டோக்கியோ எண்டு கண்காட்சிக்குப் போகும்."

"மறுகா எப்ப வரும்?"

சுஜிந்தன் சிரித்தான். "வரத் தேவையில்லையே. அதுக்குத்தானே உங்களுக்கு இது."

ஹாஜியார் எழும்பினார். "ஸுலைஹா, நீ வராட்டி நாலு சனம் நாலு விதமாக் கதைக்கும். நீதான் சீலைய விலக்கிக் காட்டோணும் எண்டு இந்தக் கம்பனித் தம்பி சொல்றாரு. வா. விலக்கு. மேடையில ஒண்டும் கதைக்கத் தேவல்ல, கதைக்க வேண்டியத நான் கதைக்கிறன்."

வான் போய்விட்டது. ஸுலைஹா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"உம்மா, இண்டைக்கு விட்டா அது வராது. அவள் அதுக்குள்ள கிடந்து ஊர் ஊராச் சுத்துவாள். ஆளுக்கொரு பக்கம் நிண்டு கடல் கடல் எண்டு பாப்பாங்க."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றாய்? மேடையில ஏறிச் சண்டை புடிக்கவா?"

"கிற்றாரக் கேளுங்க. எங்கட சாமான்."

"மகள், கொஞ்சம் யோசி. வாப்பா இல்ல. அவருட வாப்பாவும் இல்ல. உனக்குக் கூடப்பொறந்த ஆம்புளப் புள்ள இல்ல. நாளைக்கு உன்ட நிக்காஹ்வுக்கு வலியா, பொறுப்பாளா நிண்டு மாப்பிள்ளைட கையப் புடிக்கிறது அந்த மனிசன்தான். மேடையில வச்சு அவருட மொகத்தில கரியப் பூசிட்டு, அவருட வாசல்ல போய் நான் எப்பிடி நிக்கிற?"

"எந்தக் கையால உம்மா புடிப்பாரு?"

ஸுலைஹா தேத்தண்ணிக் கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஹப்ஸாவ இழுத்த அந்த அரை விரல் கையால புடிச்சுக் குடுக்கிற கலியாணம் எனக்கு வாணாம். நீங்க வராட்டி இருங்க. நான் போறன்."

றினோஸா உள்ளே போய் அபாயாவை எடுத்தாள். அவள் தலைச்சீலைக்கு முள்ளுக் குத்தி முடிப்பதற்குள் ஸுலைஹா தன்னுடையதைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தாள். படியில் கால் படாது என்று சொன்ன வாய்தான். அதை நான் எடுத்துக் காட்டி அவளை மடக்கப்போவதில்லை.

ஓட்டோ கல்முனைக்குப் போய்ச் சேரும்போது மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் ஒரு பெனர். அதில் ஹாஜியார் ஓர் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்குப் பக்கத்தில், முத்திரை அளவில் பதியுதீன். அதற்கும் கீழே கிற்றார். ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் கூடாது, அறுபத்தைந்து வயது ஹாஜியாரின் முகம் வீதியை மறைத்துக்கொண்டு நிற்கலாம். இதை எந்தக் கிதாபில் படித்தார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மேடையில் பேச்சுத் தொடங்கியது. நான் பார்த்த பேச்சுப் போட்டிகளில் இதுதான் கேவலமானது. எல்லோரும் அந்தக் கறுப்பைப் பற்றியே பேசினார்கள்.

ஓர் அதிகாரி, அது முப்பது வருட யுத்தத்தின் இருள் என்றார். அவருக்குப் பின் வந்த கவிஞர், யுத்தம் அல்ல, அது கடலுக்குள் இறங்கிய இரவு என்று மூன்று தரம் சொல்லி மூன்று தரமும் கைதட்டு வாங்கினார். ஒரு விரிவுரையாளர், மேலிருந்து கீழே இறங்கும் அந்த விரல் அசைவில் ஒரு தந்தையின் தழுவல் இருக்கிறது என்றார். என்ன தழுவலோ! பேணிக்குள் கை தோய்த்துத் தழுவிய தழுவல்.

ஹாஜியார் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"என்ட தம்பி இந்தப் படத்த வரையக்குள்ள பக்கத்தில நிண்டவன் நான். பெயின்ற் பேணியத் தூக்கிக் குடுத்தவன் நான். 'காக்கா, இந்த இடத்தில என்ன போட?' எண்டு கேட்டான். 'மனசில உள்ளதப் போடுடா தம்பி' எண்டன். அல்லாஹ் அவன்ட கபுற வெளிச்சமாக்கட்டும்."

"ஆமீன்" என்றது மண்டபம்.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்த றினோஸாவுக்கு வியர்த்தது. உம்மாவின் கையைப் பிடித்தாள்.

பேரைச் சொல்லி அழைத்தார்கள். ஸுலைஹா மேடைக்கு ஏறினாள். மேசையில் பச்சைப் பட்டுச் சீலையால் மூடியிருந்த கிற்றார். கமராக்காரர் சுற்றி நின்றார்கள். பின்னால் பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது. அவள் சீலையை விலக்கினாள்.

உண்மையான கிற்றார். அதில் கடல் மங்கியிருந்தது. தோணிகளின் சிவப்பு உதிர்ந்திருந்தது. கீல் மட்டும் அப்படியே இருந்தது.

"மச்சான்" என்றாள் ஸுலைஹா, ஹாஜியாரைப் பார்த்து. மைக் இல்லாமல்தான் சொன்னாள். முன்வரிசை வரை கேட்டது. "ஒரு படம் எடுக்கட்டும். உங்கட வலது கைய இதுக்கு மேல வைங்க."

ஹாஜியாருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவர் முயலவும் இல்லை, காதில் விழுந்தது 'படம்' என்ற ஒரு சொல்தான்.

"அருமை, அருமை!" என்று ஓடி வந்தான் சுஜிந்தன். "தம்பிட விரல் தடத்துக்கு மேல அண்ணன்ட கை! ஹாஜியார், வைங்க. வடிவா, விரல விரிச்சு. கமராவப் பாருங்க."

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். தொப்பியைச் சரிசெய்தார். கையை நீட்டினார். விரலை விரித்தார். கறுப்பின் மேல் வைத்தார். கமராவைப் பார்த்துச் சோகமாகச் சிரித்தார்.

ஐந்து விரலும் ஐந்து வரியில் விழுந்தன. அரைவாசி விரல் அரைவாசி வரியில் விழுந்தது.

பெரிய திரையில் அது ஒரு கதவளவுக்குத் தெரிந்தது. முதலில் முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார். பிறகு சத்தம் பின்னுக்குப் போனது. பத்து விரலும் முழுதாக இருந்தால்தான் பதியுதீன் வாசித்தது போல் வாசிக்கலாம் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஹாஜியார் குனிந்து தன் கையைப் பார்த்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு பார்த்தார். சுட்டது போல எடுத்தார்.

"இது கடலில்ல" என்றாள் ஸுலைஹா. "இதுக்குக் கீழ எங்கட ஹப்ஸா இரிக்கா. அவட வாப்பா வரைஞ்ச படம். காய முந்தியே கீலப் பூசினது இந்தக் கை. நூறு கிற்றாரிலயும் இந்தக் கைதான் இரிக்கி. வாங்கிறவங்க வாங்கிட்டுப் போங்க. இது எனக்கு வேணும்."

யாரும் கைதட்டவில்லை. கவிஞர் தன் பேச்சைக் காற்சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார்.

"பொய்!" என்றார் ஹாஜியார். அந்தச் சொல் அவருக்கே ஒட்டவில்லை. உடனே இன்னொன்றைத் தேடி எடுத்தார். "மார்க்கத்துக்காகச் செஞ்சன்! உருவம் ஹறாம்!"

"அப்ப வாசல்ல தொங்கிறது என்ன பெரியவாப்பா?" என்று கீழேயிருந்து றினோஸா கேட்டாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒருவரோடு நிற்கவில்லை. ஊர் ஹாஜியாரை இதுவரை பயந்து பார்த்திருக்கிறது, கடனுக்குக் கெஞ்சிப் பார்த்திருக்கிறது, சிரித்துப் பார்த்ததில்லை. அவருக்குக் காது சிவந்தது.

ஸுலைஹா கிற்றாரைத் தூக்கினாள். சுஜிந்தன் ஓடி வந்து குறுக்கே நின்றான். தடுக்கப்போகிறான் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அன்ரி" என்றான். அவன் கண் மின்னியது. "இத ஏன் முதல்லயே சொல்லயில்ல? என்ன ஒரு கதை! புத்தகத்தில போட்டிருப்பமே. இப்பவும் ஒண்டும் பிந்தயில்ல, மாத்தி அடிக்கலாம். கீலுக்குக் கீழ ஒரு பிள்ளை... வாங்கினவங்க அழுதிடுவாங்க. ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்தக் கறுப்ப மட்டும் தொட்டிடாதீங்க. நூறும் அதோடதான் செஞ்சிருக்கம்."

ஹாஜியார் கீலைத்தான் பூசினார். இவன் அதற்கு விலை எழுதி ஒட்டுகிறான். இரண்டு பேரில் யாரை அதிகம் வெறுப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

"வழி விடுங்க தம்பி" என்றாள் ஸுலைஹா.

கமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. விதவையோடு இழுபறிப்பட்டால் படம் நன்றாக இராது என்பது சுஜிந்தனுக்குத் தெரியும். விலகினான். "நாளைக்கு வாறன் அன்ரி. எக்ரிமெண்ட் இருக்கு. ஆறுதலாக் கதைப்பம்."

படியிறங்கும்போது பின்னாலிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது. "உன்ட மகளுக்கு வலியா நிக்க இனி நான் வரமாட்டன்! ஊர் முழுக்கத் தேடிப் பாரு!"

ஸுலைஹா திரும்பிப் பார்த்தாள். "வராதீங்க. காதியார் இரிக்காரு, அவரு நிண்டு முடிச்சு வைப்பாரு."

சொல்லிவிட்டாள். ஓட்டோவில் ஏறியதும் கிற்றாரை மடியில் குறுக்கே போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பகல் லுஹர் தொழுதுவிட்டு இருவரும் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். கதவைப் பூட்டியாயிற்று. தேங்காயெண்ணெயில் துணியைத் தோய்த்துத் தேய்த்தால் கீல் இளகும். கரையில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வித்தையல்ல. கையில் கீல் பட்ட பிள்ளைகளை அப்படித்தான் கழுவி எடுப்பார்கள்.

இந்த இடத்தில் ஹாஜியாரை இன்னும் நாலு வார்த்தை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவரை இந்த அறைக்குள் விட மனமில்லை.

ஸுலைஹா கீழ் மூலையிலிருந்து தொடங்கினாள். முகத்திலிருந்து தொடங்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. முதலில் துணி தவிட்டு நிறமானது. பிறகு கறுத்தது. எண்ணெய் விட்டு, ஊற விட்டு, மறுபடியும் தேய்த்தாள். றினோஸா இரண்டு கையாலும் கிற்றாரை அமர்த்திப் பிடித்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. கீலின் விளிம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது.

"உம்மா!"

"என்ன?"

"பாருங்க. சட்டை."

பச்சை. ஒரு நகத்தளவு பச்சை, சட்டையின் கீழ் மடிப்பு. அதற்குப் பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு சின்னக் கால். செருப்பில்லாத கால். ஸுலைஹாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று றினோஸாவுக்குத் தெரியவில்லை. அவள் கிற்றாரை விட்டுவிட்டு உம்மாவைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்தார்கள். ஹப்ஸா எப்போதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறவள்.

"தேயுங்க உம்மா. தேயுங்க. மேல போவம்."

ஸுலைஹா மறுபடியும் தேய்த்தாள். இப்போது கை வேகமாகப் போனது. நாலைந்து இழுவைக்குப் பிறகு துணியைத் திருப்பினாள்.

துணியில் கறுப்போடு பச்சையும் இருந்தது.

அவள் கிற்றாரைப் பார்த்தாள். கொஞ்சம் முந்தி சட்டை மடிப்பு இருந்த இடத்தில் மரம் தெரிந்தது. கால் இருந்த இடத்திலும் மரம்தான்.

பெயின்ற் காயுமுன் பூசிய கீல். இரண்டும் ஒன்றாக ஊறி, ஒன்றாக இறுகியிருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் வரும். ஸுலைஹா துணியைப் பாயில் வைத்தாள். தன் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் பச்சை.

"மேல போனா முகமும் இப்பிடித்தான் போகுமா உம்மா?" என்று கேட்டாள் றினோஸா.

"போகும் போலதான் இரிக்கி."

"தெரிஞ்சிட்டுப் போகுமா?"

"கொஞ்ச நேரம் தெரியும். மறுகா துணியோட வந்திரும்."

வெளியே வீதியில் ஐஸ்கிறீம் வானின் பாட்டுக் கேட்டது. வந்தது, வாசலைக் கடந்தது, போனது.

"அப்ப இப்பிடியே மூடி வச்சிருவமா?" என்றாள் றினோஸா. "உள்ளுக்காச்சும் இரிப்பாள்."

ஸுலைஹா பாயில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

"நீங்கதான் சொல்லோணும். எனக்குக் கேக்க உரிமையில்ல உம்மா." அவள் அழத் தொடங்கினாள். "உங்கட மனசில அவட முகம் இரிக்கி. எனக்கு இல்ல. நீங்க அவளப் பத்திக் கதைக்கக்குள்ள எல்லாம் தலையாட்டிட்டு இருந்தன். பொய்க்கு ஆட்டினன். சட்டை தெரியும், முடி தெரியும். முகம் வரமாட்டேங்கிது. எத்தனையோ தரம் முயற்சி பண்ணிட்டன். என்ட தங்கச்சிட முகம் எனக்கு மறந்து போச்சு உம்மா."

ஸுலைஹா கண்ணைத் துடைக்கப் போனாள். கை முழுக்க எண்ணெயும் கீலும். துடைக்க முடியவில்லை. கண்ணீர் தன்பாட்டில் இறங்கி நாடிக்கு வந்தது. மகளைப் பார்க்காமல் கிற்றாரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் மறந்து போச்சு மகள்."